மூணு மில்லி

ஆறு வருடத்தில் திம்மராயன் என்னிடம் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் நாற்பது பக்க நோட்டு இரண்டு நிரம்பியிருக்கும். பச்சை மரமா, காய்ந்த மரமா என்று எப்படித் தெரியும்? பலகை ஓரத்தில் ஆணி அடித்தால் ஏன் பிளக்கிறது? உளி தீட்ட எந்தக் கல்? ஃபெவிகால் நல்லதா, வஜ்ஜிரப் பசை நல்லதா? ஜன்னலுக்கு வார்னிஷ் அடிப்பதா, பெயின்ட் அடிப்பதா? கேட்டதையே நாலு மாதம் கழித்து முதல் தடவை கேட்பதுபோல மறுபடி கேட்பான்.

நான் சலிக்காமல் பதில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். சலித்துக்கொண்டுதான் சொன்னேன். "போன தடவை சொன்னப்ப காதை எங்க கழட்டி வெச்சிருந்தே?" என்று ஆரம்பித்துத்தான் விஷயத்துக்கு வருவேன். ஆனால் பதில் சரியாக இருக்கும். பலகையை விரல் முட்டியால் தட்டு. மொத்தென்று கேட்டால் பச்சை, கணீரென்று கேட்டால் காய்ந்தது. ஆணியின் கூர்முனையைச் சுத்தியால் கொஞ்சம் மழுக்கிவிட்டு அடி, பிளக்காது. வெயிலும் மழையும் படுகிற இடத்துக்குப் பெயின்ட், கூடத்தில் நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பாலிஷ். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்ச் சொன்னபடியே செய்வான். செய்ததும் சரியாக வரும்.

என் பெயர் தஸ்தகீர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதவும் ஜன்னலும் செய்து பழகின ஆசாரி வேலைக்காரன். மர விஷயத்தில் என் வாயிலிருந்து தப்பு வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொன்னதைவிட நான் சொல்லிக்கொண்டது அதிகம்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தோம். இரும்பை உருக்கி வார்த்து, கடைந்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற சாமான்களுக்கு மரப்பெட்டி அடிப்பது எங்கள் வேலை. மாமரம், தைலமரம், சில சமயம் வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியைப் பிரித்த பைன் பலகை. திம்மராயன் உத்தனப்பள்ளிக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். கம்பெனிக்கு வந்த பிறகுதான் சுத்தியலையே ஒழுங்காகப் பிடித்தான். ஆனால் கை சுத்தம். ஒரு வேலையை இரண்டு தடவை செய்ய அலுத்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் வேலைக்கு ஒரு வியாதி உண்டு. இருநூற்று நாற்பது நாள் சேர்ந்தாற்போல் வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டம். அதனால் இருநூற்று முப்பது நாள் ஆனதும் பிரேக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டும். பிறகு புது ஆள்போல எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மாதம் நான் வீட்டில் இருக்கிற மரச்சாமானையெல்லாம் கழற்றித் திரும்ப மாட்டுவேன். என் மனைவி அஸ்மத்துக்குப் பொறுக்காது.

"உங்களை அவங்க பர்மனெண்டு பண்ணாங்கன்னா எனக்குப் புண்ணியமாப் போகும். என் அலமாரியாவது ஒரு வருசம் நின்ன எடத்துல நிக்கும்" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள். ஆனால் பிரேக் முடிகிற வாரத்தில் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறானா என்று வாசலைப் பார்ப்பதும் அவள்தான்.

எண்பத்தேழாம் வருடம் ஜனவரியில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. பேக்கிங் செக்‌ஷனை ஏப்ரல் முதல் காண்ட்ராக்டுக்கு விடப்போகிறார்கள். பழைய ஆட்கள் யாரும் கிடையாது. இன்னொன்று, பேட்டர்ன் ஷாப்புக்கு மரவேலை தெரிந்த இரண்டு பேர் வேண்டும், நிரந்தர வேலை, முப்பத்தெட்டு வயசுக்கு மேல் போகக்கூடாது, டெஸ்ட் உண்டு. வரப்போகும் ஜூனில் எனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. இதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை. திம்மராயனுக்கு வயசு இருந்தது, ஆனால் ஐ.டி.ஐ சர்டிபிகேட் கிடையாது. உள்ளே இருக்கிற ஆள் என்கிற சலுகையில் இந்த ஒரு தடவைதான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே அவனுக்கும் வேறு கதவு இல்லை.

பேட்டர்ன் என்றால் அச்சு. எந்த இரும்புச் சாமான் வேண்டுமோ, அதே உருவத்தை முதலில் மரத்தில் செய்ய வேண்டும். அதை மணலில் புதைத்து எடுத்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கின இரும்பை ஊற்றுவார்கள். இவ்வளவு எங்களுக்குத் தெரியும். பெட்டி அடிக்கிறவர்கள் அந்த ஷாப்புக்குள் போனதில்லை. நான் வெளியிலிருந்து பார்த்தமட்டில், மரத்தை அழகாகச் செய்து அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் பூசிக் கெடுக்கிற இடம் அது.

டெஸ்டுக்கு முன்னால் ஒரு மாதம் திம்மராயன் என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டான். அவனுக்கு அப்போது பிரேக். ஆனாலும் சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். இரண்டு துண்டை ஒட்டும்போது இழையை எப்படி வைக்க வேண்டும்? வட்டம் செதுக்க எந்த உளி? மூலை தொண்ணூறு டிகிரியா என்று பார்க்கிற மூலை மட்டமே சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? எல்லாம் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு நானே அசந்துபோனேன். யோசிக்கத் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. அதை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை டெஸ்ட். ஐந்து பேர். நாங்கள் இருவர், வெளியிலிருந்து மூவர். அந்த மூவரில் ஜெயமணி என்கிற ஐ.டி.ஐ ஆள் கெட்டிக்காரன் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஃபோர்மேன் கருப்பசாமி கோயமுத்தூரிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சக்கடம்புப் பலகை, ஒரு படம், ஒரு எஃகு ஸ்கேல் கொடுத்தார். முந்நூறு மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் அடிப்பலகை, அதன்மேல் நிற்கிற ஒரு பட்டை, உச்சியில் உருண்டையாக ஒரு குமிழ். நாலு மணி நேரம்.

"அவங்கவங்க டேப்பு, ஸ்கேலு எல்லாத்தையும் வெளிய வெச்சுப்போட்டு வாங்க" என்றார். "மேசை மேல இருக்கற ஸ்கேலுலதான் அளக்கோணும். ஏன், எதுக்குன்னு கேக்கறதா இருந்தா இப்பவே கேட்டுக்குங்க."

திம்மராயன் வாயைத் திறந்தான். எனக்குத் தெரியும், அவன் கேட்பான். நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். ஐ.டி.ஐ ஆட்கள் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், நாம் கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்பது என் கணக்கு. அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த இடத்தில் என் காலைத்தான் வெட்ட வேண்டும்.

என் டேப்பு பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. இருபது வருடம் பழகின டேப்பை விட்டுவிட்டு எவனுடைய ஸ்கேலையோ நம்பி மரத்தை அறுக்கிறவன் நான் இல்லை.

பத்தரை மணி வாக்கில் அடிப்பலகை தயாரானது. ஸ்கேலில் முந்நூறு. சந்தேகமே இல்லை. ஆனாலும் பழக்க தோஷம், ஃபோர்மேன் அந்தப் பக்கம் திரும்பினதும் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன். முந்நூற்று மூன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி அளந்தேன். அதேதான். ஸ்கேலையே டேப்பின் பக்கத்தில் படுக்க வைத்தேன். ஸ்கேலில் முந்நூறு என்று போட்டிருந்த கோடு டேப்பில் முந்நூற்று மூன்றில் வந்து நின்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோடிக்கணக்கில் மெஷின் வாங்கிப் போடுகிறார்கள், உருப்படியாக ஒரு ஸ்கேல் வாங்க வக்கில்லை. ஏமாந்தவன் தலையில் கட்டின சரக்கு. இதை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பரீட்சை வேறு. நல்லவேளை, பார்த்தேன் என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மேசையில் திம்மராயன். ஃபோர்மேன் ஜெயமணியின் மேசையருகே நின்றிருந்தார். நான் உப்புத்தாள் எடுக்கிற சாக்கில் அவன் பக்கம் சாய்ந்தேன்.

"திம்மா, ஸ்கேலு தப்பு. அதுல முந்நூறுன்னா நெசத்துல முந்நூத்தி மூணு. என் டேப்பை வெச்சு அளந்து, அடிப்பலகையை மூணு மில்லி எறக்கிடு. மத்ததெல்லாம் சின்ன அளவு, அதுல தெரியாது."

"நெசமாவா பாய்?"

"நான் எப்பய்யா தப்பாச் சொல்லியிருக்கேன்?"

உப்புத்தாளுக்குள் சுற்றி டேப்பைத் தள்ளினேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று முழுசாக நம்பித்தான் செய்தேன். இதை மட்டும் எந்தப் பள்ளிவாசலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இதற்குப் பிறகு நடந்ததற்குச் சத்தியம் செய்ய வாய் வராது.

என்னுடைய பலகையை அப்போதே செதுக்கவில்லை. குமிழுக்குப் பசை போட்டுக் கிளாம்பில் பிடித்திருந்தேன், அது பிடிக்கட்டும் என்று விட்டேன். பதினொரு மணிக்கு டீ வந்தது. திம்மராயன் டீயைக் கூடக் குடிக்காமல் பலகை முனையை இழைத்துக்கொண்டிருந்தான். நான் கை கழுவ ஷாப்பின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு ரேக்கில் பழைய அச்சுகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு மரச் சக்கரம், அதன்மேல் அதே அச்சில் வார்த்த இரும்புச் சக்கரம், இன்னும் மணல் ஒட்டினபடியே, கடையாமல். ஒன்றின்மேல் ஒன்று. சுற்றிலும் மரத்தின் விளிம்பு நகக்கனம் வெளியே தெரிந்தது.

கையில் தண்ணீர் சொட்ட அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த அச்சைப் பார்த்தேன். அதிலும் மரம் பெரிசு, இரும்பு சின்னது. இரும்பு ஆறினால் சுருங்குகிறது. இரும்பு சரியான அளவில் கிடைக்க வேண்டுமானால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஸ்கேலையே நூற்றுக்கு ஒன்று கூட்டிச் செய்துவைத்திருக்கிறார்கள். மேசைக்குத் திரும்பி ஸ்கேலைப் புரட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: நூற்றுக்கு ஒன்று.

திம்மராயன் வேலையை முடித்துவிட்டிருந்தான். உப்புத்தாளில் சுற்றி டேப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"ஆச்சு பாய். இப்ப கரெக்டா முந்நூறு. நீ இன்னும் எறக்கலியா?"

"கடைசில பண்ணிக்கறேன்" என்றேன்.

மணி பதினொன்றேகால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. என் பலகையில் மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. நான் எப்போதும் சிக்கனமாக அறுப்பேன். அதில் இன்னோர் அடிப்பலகை தாராளமாக வரும். அவன் கைவேகத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். ஃபோர்மேன் போன் வந்திருக்கிறது என்று பத்து நிமிடம் வெளியே போனார். அந்தப் பத்து நிமிடமும் நான் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். உளி கூராகத்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்தேன். டேப்பு விஷயம் தெரிந்தால் என்னைத் துரத்திவிடுவார்கள் என்கிற பயம் பாதி. மீதிப் பாதி இன்னும் மோசம். "நான் சொன்னது தப்பு" என்கிற வார்த்தை எனக்கு வரவில்லை. ஆறு வருடத்தில் அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை அது. வாய் வரைக்கும் வந்தது, வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். அவ்வளவு அற்பமான காரணம்.

ஒரு மணிக்கு ஐந்து துண்டையும் நடுமேசையில் வரிசையாக வைக்கச் சொன்னார் கருப்பசாமி. என்னுடையதும் திம்மராயனுடையதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அளந்துகொண்டே வந்தார். என் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கை சுத்தமுங்க" என்றார். திம்மராயன் துண்டில் ஸ்கேலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"குமிழு, பட்டை எல்லாம் ஸ்கேலுக்குச் சரியா நிக்குது. அடி மட்டும் மூணு மில்லி கம்மி. இது தவறிப்போய் வந்த மூணு மில்லி இல்லீங்க, அளந்து எறக்கின மூணு மில்லி. யாராச்சும் வேற அளவு குடுத்தாங்களா?"

திம்மராயன் தன் துண்டைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த என் துண்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யாரும் இல்ல சார். கை எறங்கிப் போச்சு" என்றான்.

கருப்பசாமி ஸ்கேலைக் கீழே வைத்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். "லிஸ்ட்டு சனிக்கெழமை சாயங்காலம்தான் ஆபீசுக்குப் போகுது. அதுக்குள்ள யாருக்காச்சும் சொல்றதுக்கு இருந்தா எங்கிட்ட வாங்க. ஒரு ஆளுக்கு மறுக்கா ஒரு பீசு குடுக்கறது என் கையில இருக்குது."

வியாழக்கிழமை காலை நான் பேக்கிங் வேலைக்குப் போனபோது மெயின் கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரம் திம்மராயன் நின்றிருந்தான். பிரேக்கில் இருப்பவனுக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. காண்ட்ராக்டர் யாரையாவது பார்க்க வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, அப்படி நினைக்க எனக்குச் சௌகரியமாக இருந்தது. கையைத் தூக்கினான். நானும் தூக்கிவிட்டு ஷிப்ட் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டேன். வெள்ளிக்கிழமையும் தூரத்திலிருந்தே தெரிந்தான். நான் சுற்றிக்கொண்டு கேன்டீன் கேட் வழியாகப் போனேன். சனிக்கிழமையும் அதே வழி.

சனிக்கிழமை மத்தியானம் பேட்டர்ன் ஷாப் வாசல் வரை போனேன். கருப்பசாமி டிபன் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடாமல் என்னையே பார்த்தார்.

"சொல்லுங்க பாய்."

"ஒண்ணுமில்ல சார். சும்மாத்தான் வந்தேன்."

"சும்மாவா?"

"ஆமா சார்."

அவர் டப்பாவை நோக்கிக் குனிந்துகொண்டார். நான் வந்துவிட்டேன். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் இரண்டு பெயர். ஜெயமணி, தஸ்தகீர்.

அஸ்மத் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். திம்மராயனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அடிப்பலகையில் மூணு மில்லி குறைந்துபோயிற்று என்றேன். "பாவம், அவருக்கு நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்றாள். சொல்லிக் கொடுத்தேன் என்று சொன்னேன். இதில் பொய் ஒன்றுமில்லை.

பேட்டர்ன் ஷாப்பில் எனக்கு வேலை பிடித்துப்போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். கதவு செய்கிறவனுக்கு மூலை தொண்ணூறு டிகிரி நிற்க வேண்டும். இங்கே அப்படி நின்றால் அச்சை எடுக்கும்போது மணலைப் பிடுங்கிக்கொண்டு வரும், கொஞ்சம் சரிவு வேண்டும். கதவுக்கு இழை தெரிய வேண்டும். இங்கே இழை மறைகிற அளவுக்கு அரக்குப் பூசி வழவழப்பாக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசலோடு நின்றுவிட்டது. முதல் மாதம் முழுக்க நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். கருப்பசாமி சலிக்காமல் பதில் சொன்னார். டெஸ்ட் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுளுவாக இருந்திருக்கும்.

கன்ஃபர்மேஷன் ஆர்டர் செப்டம்பரில் கைக்கு வந்தது. இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஆனதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. இந்தத் தைரியத்தை வைத்து என்ன செய்ய? ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை பஸ் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் தக்காளித் தோட்டம்.

திம்மராயன் வீட்டுக்கு முன்னால் புங்க மரத்தடியில் தக்காளிப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தான். ராயக்கோட்டை மண்டிக்கு அடிக்கிறானாம். பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், எல்லாம் ஒரே அளவு, ஓரம் பிசகாமல். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டால் ஒரு பெட்டியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னான். வீட்டுக்குள் இருந்த மனைவி நஞ்சம்மாவிடம் கன்னடத்தில் காபி வைக்கச் சொன்னான். அஸ்மத் எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். மழை நன்றாகப் பெய்ததைச் சொன்னான். தைலமரப் பலகை வளைகிறது என்றும், சில்வர் ஓக் கிடைத்தால் தேவலை என்றும் சொன்னான். மரத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பேச்சு ஓய்ந்த இடத்தில் நான் சொன்னேன். "திம்மா, அன்னிக்கு டீ குடிக்கற நேரத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்கேலு சரி, நான் சொன்னதுதான் தப்புன்னு. நேரமும் இருந்துது, பலகையும் இருந்துது. உங்கிட்ட சொல்லல."

அவன் ஒரு ஆணியை அடித்து முடித்தான்.

"தெரியும் பாய். ரெண்டு பீசையும் பக்கத்துல வெச்சப்பவே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் அவருகிட்ட என் பேரைச் சொல்லல?"

"நான் சொன்னா உன்னை அப்பவே வெளிய தள்ளிடுவாரு. நீயே போயி சொன்னா கொஞ்சம் திட்டிட்டு விட்டுடுவாரு, எனக்கும் இன்னொரு பீசு குடுப்பாரு. ரெண்டு பேருக்கும் வேலை கெடைக்கும். அப்படித்தான் எனக்குத் தோணுச்சு." இன்னோர் ஆணியை எடுத்தான். "நீ சொல்லிட்டா ஒடனே என்னைக் கூப்பிடுவாங்களே, ஊர்ல இருந்தா எப்படித் தெரியும்னு அந்த டீக்கடை ஓரத்துலயே நின்னேன். மூணு நாளு. சனிக்கெழமை அஞ்சு மணிக்குச் சங்கு ஊதற வரைக்கும்."

கேன்டீன் கேட் வழியாகப் போனதை அவன் பார்த்தானா என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"நஞ்சம்மா கேட்டா, பிரேக்குல இருக்கறவன் டெய்லி ஓசூருக்கு எதுக்குப் போறேன்னு" என்றான் திம்மராயன், குரலைத் தாழ்த்தி. "தஸ்தகீர் பாய் எனக்காக உள்ள பேசிட்டிருக்காருன்னு சொன்னேன். இன்னும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கா. நீ ஒண்ணும் சொல்லிக்காத."

நஞ்சம்மா காபியோடு வந்தாள். டம்ளரை முந்தானையில் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்றாள்.

"நடக்கலன்னா என்ன பண்றது அண்ணா" என்றாள். "மூணு நாளு எங்களுக்காக அவ்ளோ அலைஞ்சீங்களாம். இவரு இன்னும் சொல்லிட்டே இருக்கறாரு."

திம்மராயன் தலை நிமிராமல் அடுத்த பலகையை எடுத்துப் பொருத்தினான். நான் காபியைக் குடித்தேன்.